ஒழுக்கக் காவலுக்கு மருந்துக் கடையா?

"அதெல்லாம் நாங்க வைக்கிறதில்லம்மா."

அவசரக் கருத்தடை மாத்திரை கேட்டுப் போனால் சென்னையில் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இது. போன மாதம் ஒரே மாலையில் நான்கு மருந்துக் கடைகள் ஏறி இறங்கினேன். மூன்றில் இந்த வாக்கியத்தோடு பேச்சு முடிந்தது. நான்காவது கடைக்காரர் கூடுதலாக ஒரு கேள்வி கேட்டார்: "யாருக்கு?" எனக்கு வயது ஐம்பத்து மூன்று. எனக்காக இருக்காது என்று அவரே முடிவுகட்டிவிட்டார். வீட்டில் ஒரு பெண் தப்புப் பண்ணிவிட்டாள், பெரியவள் மூடி மறைக்க வந்திருக்கிறாள் என்ற கதை முழுவதும் அந்த ஒற்றைச் சொல்லில் இருந்தது. நான் நின்றுகொண்டிருக்கும்போதே ஓர் இளைஞர் வந்து ஆணுறை கேட்டார். காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்கள், வாங்கிப் போனார். அவரிடம் யாருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

இந்த மாத்திரைக்கு நாட்டில் தடை கிடையாது. 2002-இல் மத்திய அரசு இதைத் தன் குடும்பநலத் திட்டத்தில் சேர்த்தது. 2005-இல் மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று விதியைத் தளர்த்தியது. 2007-இல் ஐ-பில் என்ற பெயரில் தொலைக்காட்சி விளம்பரங்களோடு வந்தபோது பட்டிதொட்டியெங்கும் அந்தப் பெயர் தெரிந்துபோனது. பெங்களூரில் கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் மட்டும் பல ஆண்டுகளாகப் பெரும்பாலான கடைகளில் இல்லை. எந்த ஆணையின்படி இல்லை என்று கேட்டால், கடைக்காரர் மேலே கையைக் காட்டுகிறார். மேலே இருப்பவர்கள் தடை ஏதும் இல்லையே என்கிறார்கள். யாரும் தடுக்காத பொருள் எங்கும் கிடைக்காமல் இருக்கும் விந்தை இது.

சட்டம் செய்யாததை இங்கே ஒரு கருத்து செய்திருக்கிறது. அந்தக் கருத்தை அதன் முழு வலுவோடும் எடுத்துவைக்கிறேன். 'உறவுக்கு விளைவு உண்டு என்ற அச்சம்தான் இளையவர்களைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது. மறுநாள் ஒரு மாத்திரையில் எல்லாம் சரியாகிவிடும் என்றால் அந்தக் கட்டு அறுந்துபோகும். அப்படி அறுந்தால் நட்டப்படுபவள் பெண்தான். மாத்திரைதான் இருக்கிறதே என்று சொல்லியே அவளை வற்புறுத்துவார்கள். தவிரவும், அது கருவை அழிப்பது, ஆகவே பாவம். பாவத்தில் நம்பிக்கை இல்லாதவர்களுக்குச் சொன்னால், கண்டபடி விழுங்கினால் கருப்பை கெட்டுவிடும். நிஜமாகவே தேவைப்படுகிறவள் மருத்துவரிடம் போகட்டும், யார் வேண்டாம் என்றார்கள்?'

இப்படிச் சொல்கிறவர்களைக் கொடியவர்கள் என்று தள்ளிவிட முடியாது. பெண்ணைப் பெற்ற தாய்மார்கள் சொல்கிறார்கள். மருத்துவர்களே சிலர் சொல்கிறார்கள். கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் பள்ளிவாசலுக்கும் போகிறவர்கள் சொல்கிறார்கள், எதற்கும் போகாதவர்களும் சொல்கிறார்கள். நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் ஒவ்வொரு வரியும் தவறு.

1. பாவம் என்று தீர்ப்பெழுதுமுன் குற்றம் நடந்ததா என்று பார்க்க வேண்டாமா?

மாத்திரையில் இருப்பது லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்ற ஹார்மோன். சினைமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுவது அதன் வேலை. முட்டை வராவிட்டால் விந்தணு போய்ச் சேர இடமில்லை, கரு உண்டாவதில்லை. 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் எடுக்கச் சொல்வது அதனால்தான். முட்டை ஏற்கெனவே வந்துவிட்டிருந்தால் மாத்திரை பெரும்பாலும் தோற்றுப்போகிறது. கருவுற்றபின் எடுத்தால் கருவை அது ஒன்றும் செய்வதில்லை. உலக சுகாதார நிறுவனம் இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கருப்பையில் கரு ஒட்டுவதைத் தடுக்கலாம் என்று அட்டையில் இருந்த பழைய வாசகத்தை 2022 டிசம்பரில் எடுத்தேவிட்டது. கருக்கலைப்புக்குக் கொடுப்பவை மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் என்ற வேறு இரண்டு மருந்துகள். கருத்தடையையும் கருக்கலைப்பையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது, தாழ்ப்பாள் போடுவதையும் வீட்டை இடிப்பதையும் ஒரே வேலை என்று சொல்வதற்குச் சமம்.

சரி, கருக்கலைப்புதான் உங்கள் கவலை என்றே வைத்துக்கொள்வோம். 2015-இல் இந்தியாவில் நடந்த கருக்கலைப்புகள் ஏறக்குறைய 1 கோடியே 56 லட்சம் என்று லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. அவற்றில் நான்கில் மூன்று பங்கு, மருத்துவமனைக்கே போகாமல் மருந்து வாங்கி விழுங்கி நடந்தவை. இத்தனை பெண்களில் எத்தனை பேர் முதல் மூன்று நாளில் ஒரு வழி இருந்திருந்தால் அந்த இடத்துக்கு வந்தே இருக்கமாட்டார்கள்? கருவைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி, கரு உண்டாகாமல் தடுப்பதை மறிக்கிறவர், கலைக்க வேண்டிய கருவைத்தான் பெருக்குகிறார். தன் கொள்கைக்குத் தானே எதிரி.

2. 'கருப்பை கெட்டுவிடும்' என்பவர்களுக்கு ஒரு சிறு கூட்டல் கணக்கு.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுக்கும் மாலா-என் மாத்திரையிலும் இருப்பது இதே லெவோநார்ஜெஸ்ட்ரெல்தான், கூடவே ஈஸ்ட்ரோஜன் வகை ஒன்றும் உண்டு. ஒரு மாத்திரையில் 0.15 மில்லிகிராம். ஓர் அட்டையில் ஹார்மோன் மாத்திரைகள் 21, ஆக மாதத்துக்கு 3.15 மில்லிகிராம். அவசர மாத்திரையில் இருப்பது 1.5 மில்லிகிராம், ஒரே தடவை. (கணக்கு வாதத்துக்காகத்தான். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை யாரும் விழுங்கிவைக்க வேண்டாம்.) மணமான பெண்ணுக்கு மாதம் தவறாமல் அரசே கையில் கொடுக்கும்போது கெடாத கருப்பை, மணமாகாதவள் ஒருமுறை எடுத்ததும் கெட்டுவிடுமா?

குமட்டல் வரலாம், தலை சுற்றலாம், அந்த மாத மாதவிலக்கு முன்பின் ஆகலாம். பிற்காலத்தில் பிள்ளைப்பேற்றை இது பாதிப்பதில்லை. அடிக்கடி எடுக்க வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தினசரி மாத்திரையும் காப்பர்-டியும் இதைவிட நன்றாக வேலை செய்யும். இதை நம்பியே இருந்தால் என்றாவது ஒருநாள் ஏமாற வேண்டிவரும். அந்த எச்சரிக்கையைப் பெட்டியின் மேல் தமிழில் பெரிய எழுத்தில் அச்சடியுங்கள், வரவேற்கிறேன். பெட்டியே கடையில் இல்லாதபோது எச்சரிக்கையை எங்கே அச்சடிப்பது?

3. 'மருத்துவரிடம் போகட்டுமே' என்று சொல்கிறவர், தமிழ்நாட்டில் ஒரு மணமாகாத பெண் மகப்பேறு மருத்துவரிடம் போவதைப் பார்த்ததே இல்லை என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது.

சனிக்கிழமை இரவு ஆணுறை கிழிந்துவிட்டது என்று வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை தனியார் கிளினிக் கிடையாது. திங்கள் காலை வேலைக்கோ கல்லூரிக்கோ லீவு சொல்ல வேண்டும், காரணம் சொல்ல வேண்டும். வரிசையில் உட்கார வேண்டும், தெரிந்தவர் யாரும் வந்துவிடக் கூடாதே என்று வாசலைப் பார்த்தபடி. உள்ளே போனால் பெயர், வயது கேட்ட கையோடு அடுத்த கேள்வி வரும்: "கல்யாணம் ஆயிடுச்சா?" பொய் சொன்னால் "புருஷன் எங்கே வேலை பார்க்கிறார்?" உண்மை சொன்னால் அறிவுரை. அதற்குள் 72 மணி நேரத்தில் பாதி போய்விட்டிருக்கும். மணிக்கணக்கில் வீரியம் குறையும் மருந்துக்கு நாள்கணக்கில் நடை வைப்பதை மருத்துவ மேற்பார்வை என்று யாராவது சொல்வார்களா?

நான் சொல்வது நகரத்துப் பெண்ணின் கதை. மணமானவளுக்கும், கிராமத்தில் இருப்பவளுக்கும் நிலைமை இதைவிட மோசம். குடித்துவிட்டு வரும் கணவனிடம் ஆணுறை போடு என்று சொல்ல முடியாதவளுக்கு மறுநாள் காலையில் இருக்கும் ஒரே வழி இதுதான். கைக்குழந்தையோடு மூன்று பஸ் மாறி மருத்துவரிடம் போ என்கிறோம். போகமாட்டாள். பக்கத்து வீட்டுக்காரி சொன்ன பப்பாளிக்காயும் எள்ளுருண்டையும் தின்று பார்ப்பாள். இரண்டு மாதம் கழித்து வேறு யாரிடமாவது வேறு ஏதாவது வாங்கி விழுங்குவாள்.

பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் விஷயம் இன்னும் சிக்கல். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அவர்களைப் பொறுத்தவரை எந்த உறவும் குற்றம். அது தெரியவந்த எவரும் புகார் தர வேண்டும், மருத்துவரும் விலக்கல்ல. அந்தச் சட்டம் வந்ததற்கு வலுவான காரணங்கள் உண்டு, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மருத்துவமனை என்றால் போலீஸ் என்று அந்தப் பெண்களுக்குத் தெரிந்துபோய்விட்டது. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியின் பெயரை மருத்துவர் புகாரில் சொல்ல வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே தெளிவுபடுத்த வேண்டியிருந்தது என்றால், பயம் எந்த அளவுக்குப் போயிருக்கிறது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. கருத்தடை தவறியதால் கருவைக் கலைப்பது பற்றிப் பேசும்போது 1971-ஆம் ஆண்டுச் சட்டம் 'மணமான பெண்ணும் அவள் கணவனும்' என்றுதான் எழுதியிருந்தது. 2021 திருத்தத்தில் 'பெண்ணும் அவள் இணையரும்' என்று மாற்றினார்கள். கல்யாணம் ஆகிவிட்டதா என்ற கேள்வியை நாடாளுமன்றமே கைவிட்டுவிட்டது. மாம்பலத்து மருந்துக் கடை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

4. இனி நிஜமான வாதத்துக்கு வருகிறேன்: ஒழுக்கம். மேலே சொன்ன மூன்றும் இதற்குப் போட்ட மருத்துவ வேடம்தான்.

வேடத்தைக் களைந்தபின் நிற்கும் வாக்கியம் இது: பயம் போனால் ஒழுக்கம் போகும். முதலில், உண்மையில் போகிறதா என்று பார்த்திருக்கிறார்கள். மாத்திரையை முன்கூட்டியே கையில் கொடுத்துவைத்த பெண்களையும் கொடுக்காத பெண்களையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளை கோக்ரேன் அமைப்பு தொகுத்து ஆராய்ந்தது. கையில் மாத்திரை இருந்தவர்களிடம் பாதுகாப்பற்ற உறவோ பால்வினை நோயோ கூடவில்லை. வழக்கமான கருத்தடையை அவர்கள் கைவிடவுமில்லை. அதே ஆய்வில் எனக்கு வசதியில்லாத ஒரு முடிவும் உண்டு: மொத்தத்தில் பார்த்தால் கருத்தரிப்பு எண்ணிக்கையும் குறையவில்லை. மறைக்க வேண்டியதில்லை. இந்த மாத்திரை மக்கள்தொகைத் திட்டம் அல்ல, அப்படி நான் விற்கவும் வரவில்லை. அந்த இரவு, அந்தப் பெண்ணுக்கு அது வேண்டும். அவ்வளவுதான் என் வாதம். தீயணைப்பு வண்டியால் ஊரில் தீ விபத்து குறைந்ததா என்று கேட்டுவிட்டு வண்டியை விற்றுவிட மாட்டோம்.

நமக்கே ஓர் அனுபவம் உண்டு. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் தமிழகத்துச் சுவர்களிலும் விளம்பரப் பலகைகளிலும் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்ற விழிப்புணர்வு விளம்பரக் கேள்வி நின்றது நினைவிருக்கும். ஆணுறையைப் பற்றித் தெருவில் பேசினால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று அப்போதும் சொன்னார்கள். பேசினோம். கர்ப்பிணிப் பெண்களிடம் அப்போது ஒரு விழுக்காட்டைத் தாண்டியிருந்த எச்.ஐ.வி. தொற்று, அடுத்த சில ஆண்டுகளில் பாதிக்கும் கீழே இறங்கியது. புள்ளிராஜா ஆண் என்பதால்தான் அந்த விளம்பரத்தைச் சகித்துக்கொண்டோமோ என்னவோ.

இரண்டாவது, பயத்தால் நிற்பது ஒழுக்கமா? கர்ப்பம் வருமே என்று ஒதுங்கியிருப்பவளும் போலீஸ் நிற்கிறதே என்று சிக்னலில் நிற்பவனும் ஒரே ரகம். மேலும், இந்தப் பயம் இருவரில் ஒருவருக்குத்தான். ஒரே செயலை இருவர் சேர்ந்து செய்கிறார்கள். ஒருவருக்கு மட்டும் தண்டனை, அதுவும் ஒன்பது மாதமும் அதன்பின் ஆயுள் முழுவதும். இன்னொருவர் பெயர்கூடக் கேட்கப்படாமல் காகிதச் சுருளோடு வெளியே போகிறார். இதற்கு ஒழுக்கம் என்று பெயர் வைப்பது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இன்னும் ஒன்றையும் கவனியுங்கள்: தண்டனை என்று நீங்கள் வைத்திருப்பது ஒரு குழந்தை. பிறக்கப்போகும் உயிரை அதன் தாய்க்குப் பிரம்பாகப் பயன்படுத்துகிறவர்கள் உயிரின் புனிதம் பற்றிப் பேசக் கூடாது.

'தன்னடக்கம் போதும்' என்ற வாதத்தை இந்தியாவில் மிக நேர்மையாக முன்வைத்தவர் காந்தி. மற்றவர்களை விட்டு அவரோடு மோதுவதுதான் மரியாதை. 1935 டிசம்பரில் அமெரிக்கக் கருத்தடை இயக்கத்தின் முன்னோடி மார்கரெட் சாங்கர் வார்தாவுக்கு வந்து அவரோடு கருத்தடை பற்றி வாதாடினார். காந்தி அசையவில்லை. உறவு பிள்ளைக்காக மட்டுமே, கருவிகள் ஆணின் இச்சையை அவிழ்த்துவிடும், கணவனிடம் மாட்டேன் என்று சொல்லப் பெண்ணுக்குக் கற்றுக்கொடுப்பதே வழி என்பது அவர் நிலை. கடைசிப் பகுதி அந்தக் காலத்துக்குப் புரட்சிதான், அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அவர் வாழ்க்கையையே எடுத்துப் பாருங்கள். பதின்மூன்று வயதில் மணம். நான்கு மகன்கள். 1906-இல், முப்பத்தேழாவது வயதில், பிரம்மசரிய விரதம். விரதம் எடுக்கும் நேரத்தில்தான் கஸ்தூர்பாவிடம் கலந்துகொண்டதாகவும் அவர் மறுப்புச் சொல்லவில்லை என்றும் காந்தியே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். காந்தியின் உறுதியை நான் சந்தேகிக்கவில்லை. ஒரு கேள்வி மட்டும்: அதே விரதத்தை, அதே வீட்டில், ஐந்தாறு ஆண்டு முன்னதாக கஸ்தூர்பா எடுத்திருக்க முடியுமா? அடக்கம் யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் அது வழி. மற்றவருக்கு அது செய்தி.

காந்தி காலத்துக் கதை என்று ஒதுக்கவும் முடியவில்லை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவும், பதினெட்டு வயது நிரம்பிய மனைவியோடு கணவன் அவள் சம்மதமில்லாமல் உறவுகொள்வதைப் பாலியல் வன்புணர்வு என்று ஏற்கவில்லை. மாட்டேன் என்று சொல்லும் உரிமையைச் சட்டம் தராத நாட்டில், மாட்டேன் என்று சொல்வதே போதுமான கருத்தடை என்று ஒருத்தியிடம் எந்த முகத்தோடு சொல்வது?

சென்னைக்காரர்களுக்குத் தெரிந்த இன்னொருவர் கதை. அடையாற்றில் வாழ்ந்து 1933-இல் மறைந்த அன்னி பெசன்ட், அதற்கு அரை நூற்றாண்டு முன்னால், 1877-இல், கருத்தடை விளக்கும் ஒரு சிறு நூலைச் நாத்திக இயக்கத் தலைவர் சார்லஸ் பிராட்லாவோடு சேர்ந்து மறுபதிப்பு செய்ததற்காக லண்டனில் குற்றவாளிக் கூண்டில் நின்றார். தண்டனை மேல்முறையீட்டில் நிற்கவில்லை. ஆனால் மகளை வளர்க்கும் உரிமையை நீதிமன்றம் அவரிடமிருந்து பறித்தது. கருத்தடை பற்றிப் பேசும் பெண் நல்ல தாயாக இருக்க முடியாது என்ற தர்க்கம்! பின்னாளில் பிரம்மஞான சபையில் சேர்ந்த பெசன்ட், கருத்தடையை ஆதரித்துத் தான் எழுதிய நூலைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அடக்கத்தின் பக்கம் போய்விட்டார். ஒழுக்க வாதம் எவ்வளவு வலியது என்பதற்கு அவரே சாட்சி. வலியது என்பதால் சரி ஆகிவிடாது.

5. 'எந்த மதமும் ஏற்காது' என்கிறார்களே, எந்த மதத்தைக் கேட்டார்கள்?

கத்தோலிக்கத் திருச்சபை செயற்கைக் கருத்தடையை மறுப்பது உண்மை. 1968-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட 'ஹுமானே வீத்தே' சுற்றுமடல் அதை உறுதிப்படுத்தியது. ஆனால் அதற்கு முன் திருச்சபையே அமைத்த ஆலோசனைக் குழுவில் பெரும்பான்மையினர் தளர்த்தலாம் என்றுதான் பரிந்துரைத்தார்கள். ஆங்கிலிக்கன் ஆயர்கள் 1930-இலேயே, நிபந்தனைகளோடு, கதவைத் திறந்துவிட்டார்கள். இஸ்லாத்தில் விந்தை வெளியே விடும் 'அஸ்ல்' என்னும் முறையை நபித்தோழர்கள் பின்பற்றியதாக ஹதீஸ் உண்டு, இமாம் கஸ்ஸாலி அதை அனுமதித்து எழுதியிருக்கிறார். மதகுருக்கள் ஆளும் ஈரான் 1989 முதல் ஆணுறையும் மாத்திரையும் கொடுத்துப் பிறப்பு விகிதத்தை மளமளவென்று இறக்கியது. இந்து மதத்துக்கோ இதில் எல்லாரையும் கட்டும் ஒரே ஆணை கிடையாது. மதங்கள் தமக்குள்ளேயே வாதாடிக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தில், தீர்ப்பு வந்துவிட்டது போல மருந்துக் கடைக்காரர் நடந்துகொள்கிறார். நம்பிக்கையுள்ளவர் வாங்காமல் இருக்கலாம். அதற்கு முழு உரிமை உண்டு. அடுத்தவளை வாங்கவிடாமல் செய்யும் உரிமையை எந்த வேதம் கொடுத்தது?

6. கருத்தடையே ஆகாது என்றால், நாம் செய்துகொண்டிருப்பது என்ன?

தமிழ்நாட்டில் மணமான பெண்களில் ஏறக்குறைய 58 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள் என்கிறது 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. நாட்டுச் சராசரி 38-ஐ ஒட்டி இருக்கிறது. ஆண்களின் பங்கு ஒரு விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. ஒரு பெண்ணுக்குச் சராசரி பிள்ளைகள் 1.8. கருத்தடையை உள்ளூர வெறுக்கும் சமூகம் இந்த எண்ணிக்கைக்கு வந்திருக்க முடியாது. இரண்டாவது பிரசவத்தோடு "ஆபரேஷனும் பண்ணிடலாம்" என்று டாக்டர் சொல்ல, மாமியார் தலையாட்ட, கணவன் கையெழுத்துப்போட, இருபத்தைந்து இருபத்தாறு வயதுப் பெண்ணின் கருக்குழாயை முடிச்சுப்போட்டு அனுப்புகிறோம். அப்போது ஒழுக்கம் பேச ஆளில்லை, பாவம் பேச ஆளில்லை, உடம்பு கெடும் என்று சொல்லவும் ஆளில்லை. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்து பன்னிரண்டு பேருக்கு மேல் செத்தபோதும் நாடு ஒரு வாரம் பேசிவிட்டு விட்டது.

இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபின்தான் எனக்கு விஷயம் விளங்கியது. கத்தி ஆகும், மாத்திரை ஆகாது. கத்தி டாக்டர் கையில் இருக்கிறது, வீட்டாருக்குத் தெரிந்து நடக்கிறது, அரசின் இலக்கு நிறைவேறுகிறது. மாத்திரை அவள் கைப்பையில் இருக்கும். யாரையும் கேட்க வேண்டாம், யாருக்கும் தெரிய வேண்டாம். நாம் எதிர்ப்பது இந்தக் கைப்பையைத்தான்.

1930-இல் தன் குடிஅரசு இதழில் கர்ப்பத்தடை பற்றி எழுதிய பெரியார் இந்த இடத்தில்தான் கோடு கிழித்தார். தேசப் பொருளாதாரம், குடும்ப வறுமை, தாயின் உடல்நலம் என்று மற்றவர்கள் ஆயிரம் காரணம் சொல்லலாம், பெண் விடுதலை பெற வேண்டும் என்பதே தங்கள் காரணம் என்றார். தொண்ணூறு ஆண்டுக்கு மேலாகிவிட்டது. அந்தக் கோட்டைத் தாண்ட இங்கே எந்த அரசும் முயலவில்லை. ஐம்பதுகளில் அறுவை செய்துகொள்ளக் காசு கொடுத்தோம். நெருக்கடிநிலைக் காலத்தில், 1976–77 ஓராண்டில் மட்டும், நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அறுவை நடந்தது, பெரும்பாலும் ஆண்களுக்கு, பல இடங்களில் பலவந்தமாக. ஆண்கள் கொதித்தார்கள். அந்த ஆட்சி தோற்றது. அதன்பின் எந்த அரசியல்வாதியும் ஆணின் பக்கம் கத்தியைக் காட்டத் துணியவில்லை, மொத்தப் பாரமும் பெண்ணின் வயிற்றுக்கு மாறியது. இப்போது காற்று திசைமாறி வீசுகிறது. 2024 அக்டோபரில் சந்திரபாபு நாயுடு கூடுதல் பிள்ளை பெறச் சொன்னார். அடுத்த சில நாளில் சென்னையில் ஒரு திருமண மேடையில் மு.க. ஸ்டாலின், மக்கள்தொகையை வைத்துச் செய்யும் தொகுதி மறுவரையறையைச் சுட்டிக்காட்டி, பதினாறு பிள்ளை பெறலாமோ என்று பாதி விளையாட்டாகச் சொன்னார். தொகுதிக் கவலை நியாயமானதே. ஆனால் குறை என்றாலும் பெருக்கு என்றாலும், ஆணை போய்ச் சேரும் முகவரி ஒன்றேதான்.

கடைசியாக, அந்தத் தாய்மார்களின் கவலைக்கு வருகிறேன், அது மட்டும்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 'மாத்திரைதான் இருக்கிறதே' என்று சொல்லி மகளை ஒருவன் வற்புறுத்துவானே? வற்புறுத்துவான். மாத்திரை இல்லாத தமிழ்நாட்டில் இன்று 'ஒண்ணும் ஆகாது' என்று சொல்லி வற்புறுத்துகிறான். அவனை நிறுத்த மருந்துக் கடையால் முடியாது. அதற்கு மகளோடு வீட்டிலும் பள்ளியிலும் வாய்திறந்து பேச வேண்டும். அந்தப் பேச்சைத் தவிர்க்கத்தான் கடைக்காரரைக் காவலுக்கு வைத்திருக்கிறோம்.

மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு ஒரு வேண்டுகோள். தடை இருந்தால் எண்ணும் தேதியும் போட்டு வெளியிடுங்கள், நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்கிறோம். இல்லையென்றால், இல்லை என்று ஒரு பக்கச் சுற்றறிக்கை எழுதி, விற்பவருக்குத் தொல்லை வராது என்ற வரியையும் சேர்த்து, எல்லா மருந்துக் கடைகளுக்கும் அனுப்புங்கள். அனுப்பினீர்களானால் அந்த நான்காவது கடைக்கு மறுபடியும் போவேன். யாருக்கு என்று கேட்டால், எனக்குத்தான் என்று சொல்வதாக இருக்கிறேன்.